காற்றாடியைக் கழற்றும் பையனுக்கு டிபி3 போதுமா?

பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. வருடக் கடைசி அறிக்கையில் தேர்ச்சி நிலை பெரும்பாலும் டிபி3, மலாய் எழுத்தில் மட்டும் டிபி2. நாத்தனார் மகளுக்கு எல்லாப் பாடத்திலும் டிபி5. பையனோ பழைய மின்காற்றாடி, ரேடியோ, ரைஸ் குக்கர் என்று எது கிடைத்தாலும் கழற்றி மறுபடி பூட்டுகிறான். புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுகிறான். கணவர் இன்னும் இரண்டு டியூஷன் போடலாம் என்கிறார். தீவுப்பக்கம் ஒரு கற்றல் மையத்தில் "தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது, பிள்ளையின் தனித்திறமைக்கே முதலிடம்" என்கிறார்கள். அங்கே மாற்றிவிடலாமா, சனிக்கிழமை டியூஷனையாவது நிறுத்தலாமா, மதிப்பெண் இல்லாத கல்வி நம் ஊருக்கு ஒத்துவருமா, டீச்சர்?

நான் பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். அதில் கடைசி ஒன்பது வருடம் குறைநீக்கல் வகுப்பு. அதாவது மற்ற ஆசிரியர்கள் "இவனுக்கு ஒன்றும் ஏறவில்லை" என்று அனுப்பிவைக்கும் பிள்ளைகளோடு இருந்தவள். அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த டிபி3. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிய வருத்தம்தான் அதிகம் தெரிகிறது. டிபி என்பது தேர்ச்சி நிலை, ஒன்று முதல் ஆறு வரை. நம்மவர்கள் அதை ஆறுக்கு மூன்று, அப்படியென்றால் ஐம்பது விழுக்காடு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கே தப்பு. டிபி1 என்றால் தெரியும். டிபி2 என்றால் தெரியும், புரியும். டிபி3 என்றால் தெரியும், புரியும், செய்யவும் முடியும். அந்த ஆண்டுக்குப் பாடத்திட்டம் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச நிலையை டிபி3 வாங்கிய பிள்ளை தொட்டுவிட்டான். அதற்கு மேலே உள்ளவை, கற்றதைப் புதிய இடத்தில் பயன்படுத்துவது, மற்றவருக்கு எடுத்துக்காட்டாகச் செய்வது என்று போகும். அதைவிட முக்கியமானது, டிபி ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டுப் போடும் எண்ணே கிடையாது. பாடத்தின் தரத்தோடு ஒப்பிட்டுப் போடுவது. வகுப்பில் முப்பது பேரும் டிபி4 வாங்கலாம். முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் அதில் கிடையாது. நாத்தனார் மகளின் டிபி5க்கும் உங்கள் மகனின் டிபி3க்கும் நடுவே பந்தயம் ஓட்டியது குடும்ப வாட்ஸ்அப் குழுதான்.

ஆக, உங்கள் அறிக்கையில் நான் கவலைப்படுவது ஒரே இடத்தைப் பற்றி: மலாய் எழுத்து, டிபி2. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மதிப்பெண் இல்லாத கல்வி நம் ஊருக்கு ஒத்துவருமா என்று கேட்கிறீர்கள். காகிதத்தில் பார்த்தால் அது ஏற்கெனவே வந்துவிட்டது. 2019இல் ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை பள்ளித் தேர்வுகளை எடுத்தார்கள். ஆறாம் ஆண்டு முடிவில் நாடு முழுக்க எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிந்தது, இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றில் எழுதும் பிடி3 2022இல். அவற்றின் இடத்துக்கு வந்தவை பிபிடி என்று நாம் சொல்லும் வகுப்பறை மதிப்பீடும், நான்காம் ஆண்டிலிருந்து படிவம் மூன்று வரை ஆண்டிறுதியில் வரும் யுஏஎஸ்ஏ தேர்வும். தேர்வு போனது, மனசு போகவில்லை. பெற்றோர் டிபியையே மதிப்பெண்ணாக்கிக்கொண்டோம். சில பள்ளிகளில் டிபி6க்குத் தனிப் பரிசும் கொடுக்கிறார்கள். இதைத் திருத்த எந்தச் சுற்றறிக்கையாலும் முடியாது.

எனக்கு 1988ஆம் ஆண்டு மறக்காது. பிள்ளையின் உடல், உணர்வு, ஆன்மிகம், அறிவு நான்கையும் சமமாக வளர்க்க வேண்டும் என்று தேசியக் கல்வித் தத்துவம் எழுதப்பட்டது அந்த வருடம். யுபிஎஸ்ஆர் முதன்முதலாக நடந்ததும் அதே வருடம். ஆசிரியர் பயிற்சியில் எங்களை அந்தத் தத்துவத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பள்ளிக்கு வந்தவுடன் யுபிஎஸ்ஆர் வகுப்பைக் கையில் கொடுத்தார்கள். எது ஜெயித்தது என்று சொல்ல வேண்டுமா?

நானும் அதில் பங்காளிதான். தொண்ணூறுகளின் கடைசியில் ஆறாம் ஆண்டு வகுப்பை மூன்று வரிசையாக உட்கார வைத்தேன். ஏழு தாளிலும் ஏ, அதாவது 7ஏ வரும் வரிசை, தேறும் வரிசை, அப்புறம் சன்னல் ஓர வரிசை. மூன்றாம் வரிசைக்கு நான் பெயர் வைக்கவில்லை, பிள்ளைகளே வைத்துக்கொண்டார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் கோவிலில் பேனா பென்சில் வைத்துப் பூஜை, தன்முனைப்பு முகாம், பள்ளி வாசலில் 7ஏ வாங்கியவர்களின் படம் போட்ட பெரிய பதாகை. அந்தப் பதாகைக்கு அடியில் நடந்துதான் மற்ற பிள்ளைகளும் தினம் பள்ளிக்கு வந்தார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பல வருடம் கழித்து, பட்டர்வொர்த் சந்தையில் மூன்றாம் வரிசைப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து, "டீச்சர், நான் சன்னல் வரிசை" என்றுதான் அறிமுகம் செய்துகொண்டான். இரண்டு லாரி வைத்திருக்கிறானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அன்று வாங்கிய மீன் ருசிக்கவில்லை.

எண் போட்டால் என்ன ஆகிறது என்பதை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். அதே 1988இல் ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வேலைத்தாளில் மதிப்பெண் மட்டும். இன்னொன்றுக்கு எது சரி, எதைத் திருத்த வேண்டும் என்ற குறிப்பு மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். குறிப்பு மட்டும் கிடைத்த பிள்ளைகளுக்கு ஆர்வமும் குறையவில்லை, வேலையும் மேம்பட்டது. இரண்டும் கிடைத்தவர்கள் மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலவே இருந்தார்கள். எண்ணைப் பார்த்த பிள்ளை குறிப்பைப் படிக்கவில்லை என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் நானே கண்டது இது. கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தால் கண் நேராகச் சிவப்பு வட்டத்துக்குப் போகும், அடுத்து பக்கத்துப் பையனின் சிவப்பு வட்டத்துக்குப் போகும், அதோடு தாள் பைக்குள் போய்விடும். இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து நான் எழுதிய குறிப்பை யார் படித்தார்கள்?

அமெரிக்காவில் 1973இல் நடந்த இன்னொரு சோதனையும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். வண்ணப் பேனாவால் ஆசையாக வரைந்துகொண்டிருந்த பாலர்பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு, "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லிப் பரிசும் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாமல் விட்டபோது அந்தப் பிள்ளைகள் முன்புபோல் வரையவில்லை. பரிசே பேசப்படாத பிள்ளைகள் எப்போதும் போல வரைந்துகொண்டிருந்தார்கள். அதனால் தயவுசெய்து, "காற்றாடியைச் சரிசெய்தால் பத்து வெள்ளி" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். உறவினர்கள் கூடும்போது, "இஞ்சினியர் வந்துட்டாரு பாரு" என்று காட்சிப்பொருளாக்கவும் வேண்டாம்.

சரி, பிள்ளையை நடுவில் வைக்கும் கல்வி என்றால் என்ன? இந்தப் பெயரில் நிறையப் பேர் நிறைய விற்கிறார்கள். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் முதல் பள்ளியைத் திறந்தது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்காக இல்லை. சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் மாடிப்படியில் சுற்றித் திரிந்த பிள்ளைகளுக்காக. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், கொடைக்கானலிலும் இருந்தார். நம் தமிழ் மண்ணுக்கு அவர் அந்நியர் இல்லை. அவர் முறையில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கும். பிள்ளை எடுத்த வேலையை முடிக்கும்வரை மணியடித்துக் கலைக்க மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால் பழைய திண்ணைப் பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளையும் அவனவன் வேகத்தில்தான் போனான், சட்டாம்பிள்ளைதான் பாதிப் பாடம் நடத்தினான். (அங்கே பிரம்பும் இருந்தது. திண்ணையைக் கோவிலாக்க நான் வரவில்லை.)

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாண்டிசோரி என்ற பெயருக்கு யாருக்கும் தனி உரிமை கிடையாது. இரண்டு மரப்பெட்டி வாங்கி வைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் வாசலில் அந்தப் பலகையை மாட்டலாம். பலகையைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

எனக்கு இந்தக் கல்வி என்னவென்று புரியவைத்தது புத்தகமும் இல்லை, பயிலரங்கும் இல்லை. மூன்றாம் ஆண்டில் என்னிடம் வந்த ஒரு பெண். கணக்கில் டிபி1. ஐம்பதில் பதினேழு போனால் என்ன என்று எழுதிக்கொடுத்தால், கீழே இருக்கும் ஏழிலிருந்து மேலே இருக்கும் பூஜ்யத்தைக் கழித்து 47 என்று எழுதுவாள். ஒவ்வொரு தடவையும் அதே 47. நான் குச்சி வைத்தேன், மணி வைத்தேன், கடன் வாங்கும் கதையெல்லாம் சொன்னேன். நாற்பத்தேழு அசையவே இல்லை.

அவள் அம்மா பூ கட்டி விற்பவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் சரம் வாங்கப் போனபோது கடையில் இவள்தான் இருந்தாள். பதினேழு வெள்ளிக்குப் பூ. ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. மூன்று ஒரு வெள்ளித் தாளை என் கையில் வைத்து "இருபது" என்றாள். பத்து வெள்ளித் தாள்களாக எடுத்து "முப்பது, நாற்பது, ஐம்பது" என்று ஒவ்வொன்றாக வைத்தாள். முப்பத்து மூன்று வெள்ளி மிச்சம், ஒரு காசு பிசகவில்லை. நான் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவளுக்குக் கழித்தல் தெரியாது என்று நான் எழுதி வைத்திருந்த அறிக்கை பள்ளியில் என் மேசையில் இருந்தது.

திங்கட்கிழமை அவளை உட்காரவைத்து ஒரு கோடு போட்டேன். ஒரு முனையில் பதினேழு, மறுமுனையில் ஐம்பது. "மிச்சம் கொடு" என்றேன். பதினேழிலிருந்து இருபதுக்கு ஒரு தாவல், மூன்று. இருபதிலிருந்து ஐம்பதுக்கு ஒரு தாவல், முப்பது. அந்த வாரம் முழுவதும் நாங்கள் எண்களோடு கடை நடத்தினோம். அதற்குப் பிறகுதான் கீழே மேலே எழுதும் முறைக்குப் போனோம். இப்போது 47 என்று வந்தால் அவளே சிரிப்பாள், "டீச்சர், இவ்வளவு மிச்சம் கொடுத்தா கடையை மூடணும்." மூன்று மாதத்தில் டிபி3.

கதையை இத்தோடு நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே பெண்ணுக்கு வாசிப்பு வரவில்லை. பூக்கடையில் அதற்கு வழி இல்லை. தமிழில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இரண்டும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கெ' என்பதில் கண் முதலில் பார்ப்பது கொம்பு, வாய் முதலில் சொல்ல வேண்டியது க். இந்த இடத்தில் தடுக்கி விழும் பிள்ளைகள் ஏராளம். அதற்கு நான் செய்தது ஒன்றும் புதுமையில்லை. தினமும் இருபது நிமிடம், பழைய பாணியில் எழுத்தட்டை, திரும்பத் திரும்ப, ஒன்றரை வருடம். அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. சில நாள் அழுதாள். நான் விடவில்லை. "இவளுக்கு வியாபாரத் திறமை இருக்கிறது, வாசிப்பு எதற்கு" என்று அன்று விட்டிருந்தால், நான் மூன்றாம் வரிசைக்குச் செய்ததையே அழகான பெயரில் மறுபடி செய்திருப்பேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பிள்ளையை நடுவில் வைப்பது என்றால் ஒரு பெரியவர் அந்தப் பிள்ளை என்ன செய்கிறான், எப்படிச் செய்கிறான், எங்கே நின்றுவிடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. மதிப்பெண்ணை எடுத்துவிட்டுப் பார்ப்பதற்கு ஆளையும் வைக்காவிட்டால், பிள்ளை நடுவுக்கு வருவதில்லை. யார் கண்ணிலும் படாமல் போகிறான். திறமையைப் போற்றுகிறோம் என்று சொல்லிக் கஷ்டமானதைச் சொல்லித்தராமல் விடுவதும் ஒருவகைக் கைவிடல்தான். போட்டியை எடுத்துவிடலாம். கஷ்டத்தை எடுக்கக்கூடாது.

தனித்திறமை என்ற சொல்லிலேயே எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ஹாவர்ட் கார்ட்னர் 1983இல் பல்வகை நுண்ணறிவு என்று எழுதினாலும் எழுதினார், அதன்பிறகு பிள்ளைகளுக்கு முத்திரை குத்துவது பெரிய தொழிலாகிவிட்டது. நம் பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடிவில் தரும் உளவியல் அளவீட்டு அறிக்கையில்கூட மொழி, தர்க்கம், இசை, உடல் இயக்கம், இயற்கை என்று பட்டியல் இருக்கும்; பெரும்பாலான வீடுகளில் அது அலமாரிக்குள் போய்விடும். பார்த்தால் நல்லதுதான். ஆனால், "என் பையன் கண்ணால் கற்பவன், காதால் சொன்னால் ஏறாது" என்று சில பெற்றோர் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. அப்படிப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்கு, 2008இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த உளவியலாளர்கள் போதுமான சான்று கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். கார்ட்னரே தன் கருத்து வேறு, இந்தக் 'கற்றல் பாணி' வேறு என்று எழுதியிருக்கிறார். பத்து வயதில் ஒருவன் காற்றாடியைக் கழற்றுகிறான் என்றால், இப்போதைக்கு அவனுக்குக் காற்றாடி பிடிக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிந்தது. நாளைக்கு மீன்தொட்டி பிடிக்கலாம்.

இப்போது மலாய் எழுத்து. வெளிநாட்டு முறைகளைப் பற்றி வாயாரப் பேசுபவர்கள் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை. ஃபின்லாந்தில் பிள்ளை ஏழு வயதில் பள்ளிக்குப் போகிறது, மேல்நிலைப் பள்ளி முடிக்கும்வரை தேசியத் தேர்வு கிடையாது; உண்மைதான். ஆனால் அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயதில் பாடமொழி மாறுவதில்லை. உங்கள் மகனுக்கு மாறும். ஆறு வருடம் தமிழில் அறிவியலும் கணக்கும் கற்றவன், படிவம் ஒன்றில் எல்லாவற்றையும் மலாயில் கேட்பான், எழுதுவான். கற்றல் மையத்திலேயே படித்து, படிவம் ஐந்து முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வைத் தனியார் வேட்பாளராக எழுதினாலும் சான்றிதழ் கையில் கிடைக்க மலாயிலும் வரலாற்றிலும் தேறியாக வேண்டும். அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்குத் தொண்ணூறு பங்கு கல்வித் தேர்ச்சி, பத்துப் பங்குதான் புறப்பாடம். இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்காக உங்கள் மகனை வைத்து நான் சோதனை செய்ய மாட்டேன்.

அதற்காகப் போட்டிதான் தரத்தைக் காப்பாற்றியது என்றும் நினைக்காதீர்கள். பல நாட்டுப் பிள்ளைகளின் திறனை ஒப்பிடும் பீசா ஆய்வில், 2022இல் நம் நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வாசிப்பில் 388 புள்ளி எடுத்தார்கள். 2018இல் அது 415. பெருந்தொற்று ஒரு காரணம், சரி. ஆனால் அந்தப் பிள்ளைகள் யுபிஎஸ்ஆர் எழுதி, பதாகைக்கு அடியில் நடந்து வந்தவர்கள்தான். பக்கத்துச் சிங்கப்பூர் 2019இல் அறிக்கை அட்டையிலிருந்து வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதையே எடுத்துவிட்டது, 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகளையும் எடுத்துவிட்டது. அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. அங்கே டியூஷன் மையங்களும் மூடப்படவில்லை. பெற்றோர் மனசு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அந்தக் கற்றல் மையத்தைப் பற்றி. முதல் கேள்வி, அது கல்வி அமைச்சில் பள்ளியாகப் பதிவாகியிருக்கிறதா? பல மையங்கள் டியூஷன் மையமாகவோ சாதாரண நிறுவனமாகவோதான் பதிந்திருக்கும். 2003ஆம் ஆண்டிலிருந்து தொடக்கக் கல்வி இங்கே கட்டாயம். பள்ளியில் பதியாமல் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஐயாயிரம் வெள்ளிவரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வீட்டுவழிக் கல்விக்கும் அமைச்சின் விலக்கு வேண்டும். மையத்தினர், "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்" என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்தையே அலட்சியமாகப் பேசுபவர் உங்கள் பிள்ளையைக் கவனமாகப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதிவு சரியாக இருந்தால், ஒரு காலைப்பொழுது உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். சுவரில் தொங்கும் ஓவியங்களைப் பார்க்காதீர்கள், திறப்பு விழாவுக்கு ஒட்டியதாகவும் இருக்கும். ஒரு பிள்ளை தப்புச் செய்யும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். உடனே சரியான விடையைச் சொல்கிறாரா, "பரவாயில்லை, சூப்பர்" என்று தாண்டிப் போகிறாரா, அல்லது "எப்படிச் செய்தாய், காட்டு" என்று கேட்கிறாரா? மூன்றாவது ரகம் என்றால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அப்புறம், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "அவனுக்கு நேரம் வரும்போது தானாக வாசிப்பான்" என்பது பதிலானால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சிலர் தானாக வாசித்துவிடுவார்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கும் பிள்ளை காத்திருக்கக் காத்திருக்கப் பின்தங்குவான். உங்கள் மகனுக்குத் தமிழ் வாசிப்பும் திணறுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் திணறுகிறது என்றால், தூக்கம் வருவது சோம்பலால் இல்லாமல் இருக்கலாம். குறைநீக்கல் ஆசிரியரிடம் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள், கண்ணையும் சேர்த்து.

என்னைக் கேட்டால், இப்போதைக்குப் பள்ளியை மாற்ற வேண்டாம். இருக்கிற பள்ளியில் ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். அறிக்கை வாங்கும் நாளில் வேண்டாம், அன்று வரிசை வாசல்வரை நிற்கும். "ஏன் டிபி2" என்று கேட்டால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். நானாக இருந்தாலும் போவேன். "இந்த வருடத் தொடக்கத்தில் செய்ய முடியாத எதை இப்போது செய்கிறான்? அடுத்து எங்கே நிற்கிறான்?" என்று கேளுங்கள். பிபிடி ஒழுங்காக நடந்தால் இதற்குப் பதில் அவரிடம் இருக்க வேண்டும். முப்பத்தைந்து பிள்ளை, கோப்பு, கணினிப் பதிவு, புறப்பாடம் என்று அவர் படும் பாட்டில் சில சமயம் இருக்காது. அப்போது காற்றாடி விஷயத்தை நீங்கள் சொல்லுங்கள். பல ஆசிரியர்களுக்குப் பிள்ளையின் மறுபாதி தெரியவே தெரியாது. அன்று பூ வாங்கப் போயிருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

அந்தக் காற்றாடியை வைத்தே மலாய் எழுத்தையும் பிடிக்கலாம். கழற்றிய பாகங்களை ஒரு பழைய நாளிதழில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மலாய்ப் பெயரை எழுதட்டும்: பிலா (இறக்கை), ஸ்க்ரு (திருகாணி), சூயிஸ் (சுவிட்ச்), வாயார் (கம்பி). தெரியாததை அவனே தேடட்டும். அடுத்த வாரம் எப்படிக் கழற்றினான் என்று நாலே வாக்கியம்; முலா-முலா (முதலில்), கெமுடியான் (பிறகு), செலெப்பாஸ் இத்து (அதன்பின்), அக்கிர் செகாலி (கடைசியாக). செய்முறை விளக்கக் கட்டுரையின் எலும்புக்கூடு இதுதான், பள்ளியில் இதையே 'கேக் செய்வது எப்படி' என்று எழுதச் சொல்லி அவன் தூங்கிவிடுகிறான். எழுத்துப்பிழையை எல்லாம் ஒரே நாளில் சுழிக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு பிழை. எல்லாம் இப்படியே இனிக்காது, சொல்லிவிடுகிறேன். இம்புஹான் என்று நாங்கள் மாரடிக்கும் முன்னொட்டு பின்னொட்டுச் சமாச்சாரம் இருக்கிறதே, அதற்குப் பயிற்சிதான் வழி, காற்றாடி உதவாது.

வருங்காலத்தைப் பற்றிக் கணவர் கவலைப்படுவதும் நியாயம்தான். அவரிடம் இதைச் சொல்லுங்கள். பாயான் லெப்பாஸில் 1972இல் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்த மாநிலம் கையால் வேலை தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. 1989இல் அங்கே தொழிற்சாலைகளே சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. படிவம் மூன்றுக்குப் பிறகு தொழிற்கல்லூரிக்குப் போய் நான்கு வருடத்தில் தொழில்திறன் டிப்ளோமா வாங்கலாம். திறன் சான்றிதழான எஸ்கேஎம் வழியும் உண்டு. அவை நல்ல பாதைகள், கடைசிப் புகலிடம் என்று பேசுவதை நிறுத்த வேண்டும். ஆனால் பத்து வயதுப் பையனைப் பார்த்து, "இவன் தொழிற்கல்விக்குத்தான் லாயக்கு" என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். நம் பிள்ளைகள் பலரை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே கணக்கிலிருந்தும் அறிவியலிலிருந்தும் விலக்கிவைத்திருக்கிறோம். மோட்டார் ஏன் சுற்றுகிறது என்று கேட்பவனுக்கு இயற்பியலும் வேண்டும். பள்ளி விடுமுறையில் கொம்தார் கட்டடத்தில் இருக்கும் டெக் டோம் அறிவியல் மையத்துக்கு அப்பாவும் மகனுமாகப் போய்வரட்டும். திரும்பி வரும்போது எதையாவது கற்றானா என்று கேள்வி கேட்காமல் கூட்டிவரச் சொல்லுங்கள்.

நாத்தனார் மகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. எல்லாவற்றிலும் டிபி5 வாங்கும் அந்தப் பெண்ணையும் யாரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த முதல் வரிசைப் பிள்ளைகளில் சிலர், தப்புச் செய்துவிடுவோமோ என்ற பயத்தில் புதிதாக எதையும் தொடாமலே வளர்ந்தார்கள். அடுத்த தடவை உங்கள் வீட்டுக்கு வரும்போது அவள் கையிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்கள்.

சனிக்கிழமை டியூஷன் கேட்டீர்கள். கணக்கு டியூஷனை நிறுத்துங்கள், டிபி3க்கு அது தேவையில்லை. மலாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முப்பது பேர் உட்காரும் இடத்தில் வேண்டாம்; நாலைந்து பேர் இருக்கும் இடமாக, எழுதியதைத் திருத்தி உடனே திருப்பிக் கொடுப்பவராகப் பாருங்கள். கணவர் சொல்லும் இன்னும் இரண்டு டியூஷன் வேண்டவே வேண்டாம். அந்த நேரத்துக்குப் பையன் காற்றாடியோடு இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும், அதை மட்டும் அப்பாவைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.